படிக்கட்டின் கீழே நின்றவர்

அவர் பிள்ளைகளை முகம் பார்த்து அடையாளம் கண்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. கால்தான். பஸ் ரோட்டிலிருந்து எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு இறங்கும் படிக்கட்டின் அடியில், சனிக்கிழமை காலையில், குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்பார். பிள்ளைகள் "குட்மோர்னிங் டீச்சர்" என்று கத்திக்கொண்டே இறங்குவார்கள். பதில் சொல்வார், ஆனால் கண் படியை விட்டு எழும்பாது. கடைசிப் பிள்ளையும் இறங்கிய பிறகுதான் நிமிர்ந்து, "நீ ஆடு, நீ ஆடு, நீ உக்காரு" என்று பிரிப்பார். டான்ஸ் வகுப்பு தொடங்கும் முன்னாலேயே அவருடைய வேலை பாதி முடிந்திருக்கும்.

அதனால்தான் நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் அவருக்கு 'உக்காரு டீச்சர்' என்று பேர் விழுந்தது. சொந்தப் பேர் ஒன்றும் இருந்தது. அதை நான் எழுதப்போவதில்லை.

நான் தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறவள். பதினோராம் வகுப்புச் சாதாரண தரம் வரை படித்தேன், அதோடு சரி. மகள்தான் கொப்பி வாங்கிக் கொடுத்து, "அந்த டீச்சரைப் பத்தி நீ எழுதும்மா. நீதான் எழுதணும்" என்றாள். அந்த 'நீதான்' ஏன் என்று எனக்குத் தெரியும். படிக்கிற உங்களுக்கும் போகப்போகத் தெரியும்.

உட்காருவது என்றால் சும்மா குந்தியிருப்பது என்று நினைக்கவேண்டாம். முதல் வாரமே பதுளையிலிருந்து பஸ்ஸில், அத்தனை நெரிசலில், ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூலைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர். அதில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. கால் நோகிற பிள்ளைக்குத்தான் அந்த ஸ்டூல். அதில் உட்கார்ந்து தொடையில் தாளம் தட்டவேண்டும், தா, தெய் என்று சொற்கட்டை வாய்விட்டுச் சொல்லவேண்டும், கையும் கண்ணும் கழுத்தும் ஆடவேண்டும். நின்று ஆடுகிற பிள்ளைக்குத் தாளம் தப்பினால் உட்கார்ந்திருக்கிற பிள்ளைதான் பிடித்துச் சொல்லவேண்டும். "ஏன் கண்ணு, காலு மட்டுமா ஆடுது?" என்பார்.

எங்களுக்கு அதெல்லாம் விளங்கவில்லை. விடிய எழும்பி, தலை பின்னி, பூ வைத்து அனுப்புகிற பிள்ளை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டு வந்தால் எந்தத் தாய்க்கு வயிறு எரியாது? எனக்கு வேறு வாய் கொஞ்சம் நீளம். ஒருநாள் நேரே போய்க் கேட்டேன்.

"டீச்சர், புள்ளைய ஆட அனுப்புனோமா, உக்கார அனுப்புனோமா?"

"ரெண்டுக்கும்தாங்க" என்றார்.

கோபப்பட்டாலாவது சண்டை பிடிக்கலாம். அந்த மனுஷிக்குக் கோபமும் வராது. "பவி அம்மா, ஒங்க புள்ளைக்குப் பத்து வயசு. எலும்பு இன்னும் வளந்துகிட்டுதான் இருக்கு. டான்ஸ் எங்கயும் ஓடிறாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது நாங்கள் அவரைக் கரித்துக் கொட்டாத நாள் இல்லை.

பள்ளிக்கூட மண்டபம் முழுக்கச் சீமெந்துத் தரை. காலையில் ஐஸ் மாதிரிக் குளிரும். வந்ததும் ஆடவிடமாட்டார். மண்டபத்தைச் சுற்றி நடக்கவைப்பார், கையைக் காலை மெல்ல நீட்டி மடக்கவைப்பார், உடம்பு சூடான பிறகுதான் ஆட்டம். அப்போதும் ஓங்கி மிதிக்கக்கூடாது. "சத்தம் எனக்கு வேணாம், தாளம் போதும்" என்பார். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு டீச்சர் இருந்தார். அவருடைய பிள்ளைகள் மிதிக்கிற மிதி ரோட்டுக்குக் கேட்கும். அதுதான் டான்ஸ், நம்ம பிள்ளைகள் பூனை மாதிரி ஆடுகிறார்கள் என்று எங்களுக்கு ஆதங்கம்.

அரைமண்டி என்று சொல்வார்களே, முட்டியை இரண்டு பக்கமும் விரித்து மடக்கி, பாதியளவு இறங்கி நிற்பது. அதிலும் அப்படித்தான். எவ்வளவு கீழே இறங்குகிறாய் என்று பார்க்கமாட்டார். முட்டி கால்விரலுக்கு நேர் மேலே நிற்கிறதா என்றுதான் குனிந்து பார்ப்பார். நாங்களோ, எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை என்று முடிவு கட்டியிருந்தோம். வீட்டில் மகளின் தோளில் இரண்டு கையையும் வைத்து நான் அமுக்கியிருக்கிறேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அவர் ஏன் இப்படி என்று லயத்தில் மூன்று கதை ஓடியது. சின்ன வயதில் மேடையில் விழுந்து இடுப்பு ஒடிந்தவர் என்று ஒன்று. அவருடைய தங்கச்சி நொண்டி என்று ஒன்று. டான்ஸே தெரியாது, அதனால்தான் பிள்ளைகளை உட்காரவைத்துப் பொழுதைப் போக்குகிறார் என்று மூன்றாவது. அந்த மூன்றாவதைக் கிளப்பிவிட்டது நான்தான். பிற்காலத்தில் அவரிடமே கேட்டேன். சிரித்தார். "ஒண்ணுமே இல்லங்க. மடுல்சீமையில பொறந்தேன், மலை ஏறி எறங்கிப் படிச்சேன். யாரு எப்படி நடக்கிறாங்கன்னு பாக்குறது பழக்கமாப் போச்சு, அவ்வளவுதான்" என்றார்.

என் மகள் பவித்ராவுக்குப் பன்னிரண்டு வயதானபோது மாகாணப் போட்டிக்குக் குழு நடனத்தில் அவளை நடுவில் நிறுத்தினார். அடேயப்பா, எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளுடைய அப்பா கொழும்பில் கடையில் வேலை, வருஷத்துக்கு இரண்டு தரம் வருவார். எனக்கு வாழ்க்கையில் நான் பெற்றது என்று காட்ட இருந்தது அவள் ஒருத்திதான். பதுளையில் மேடையில் நடுவில் அவள் நிற்பதை நான் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் எனக்கு அந்த வருஷம்.

டீச்சர் எல்லா அம்மாக்களையும் கூப்பிட்டுச் சொன்னார். "வீட்டுல காலைத் தட்டி ஆட விடாதீங்க. சொற்கட்டை உக்காந்து சொல்லிப் பாக்கட்டும், அது போதும்."

நான் தலையாட்டினேன். மலையில் கொழுந்தெடுத்துவிட்டு வந்ததும் எங்கள் காம்பரா அறைக்கு முன்னால், இஸ்தோப்பு என்கிற முன்திண்ணைத் தரையில் அவளை நிறுத்தி, இருட்டும் வரைக்கும் ஆடவைத்தேன். ஒருநாள் விடாமல். "இன்னும் ஓங்கி மிதிடீ, சத்தமே கேக்கல" என்று நானே கைதட்டித் தாளம் போட்டேன். பக்கத்துக் காம்பராக்காரர்கள் வந்து பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்று வாரம் போயிருக்கும். ஒருநாள் காலையில் அவள் பாயில் உட்கார்ந்து முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஒரு விரலை வைத்துக் காட்டினாள். "இந்த எடத்துலம்மா. இந்த ஒரு எடத்துலதான்." தொட்டால் கையைத் தட்டிவிட்டாள். நல்லெண்ணெய் காய்ச்சித் தடவினேன். போகவில்லை. சனிக்கிழமை வந்தது. படிக்கட்டு ஞாபகம் வந்தது. நொண்டிக்கொண்டு இறங்கினால் ஸ்டூல்தான். ஸ்டூலில் உட்கார்ந்தால் நடுவில் வேறு பிள்ளை நிற்கும்.

இங்கேதான் என் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். அதற்கு நாலைந்து வருஷம் முந்தியே எனக்கு வலது முட்டி போய்விட்டது. மழை நாளில் சரிவில் சறுக்கி விழுந்தது. நொண்டுவதைக் கங்காணி பார்த்தால் கொழுந்து மலையிலிருந்து இறக்கிப் புல்லு வெட்ட அனுப்பிவிடுவார். எங்கள் செட்டுப் பெண்களை விட்டுத் தனியாகக் கிடக்கவேண்டும். அதற்கு நான் தயாரில்லை. கொழுந்தெடுக்கிற எங்களுக்கு இதற்கெல்லாம் வழி தெரியும். பழைய சேலையைக் கிழித்து, கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் படங்குச் சாக்குக் கட்டுகிற அதே முடிச்சைப் போட்டு, நோகிற இடத்தை இறுக்கிக் கட்டுவது. பல்லைக் கடிக்கக்கூடாது, கடித்தால் முகத்தில் தெரியும். இரண்டு காலையும் ஒரே அளவாக எடுத்து வைப்பது. முக்கியமாக, பேசிக்கொண்டே நடப்பது. பேசுகிறவளை யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

அதை என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் லயத்துக்குப் பின்னால் இருக்கிற படியில் அவளை ஏற்றி இறக்கிப் பழக்கினேன். "காலைப் பாக்காத. என்னைப் பாரு. பேசு. எதையாவது பேசிக்கிட்டே எறங்கு." கண்ணில் தண்ணீர் நிற்க நிற்க அவள் பள்ளிக்கூடக் கதை எதையோ சொல்லிக்கொண்டு இறங்கினாள். டீச்சர் அவளுக்கு ஆடச் சொல்லிக்கொடுத்தார். நடக்க நான் சொல்லிக்கொடுத்தேன்.

மறுநாள் சுரிதாருக்குள்ளே காலில் சேலைத் துண்டைக் கட்டி, வலிக்கு ஒரு பெனடோலும் கொடுத்து அனுப்பினேன். நானும் கூடப் போனேன், எடுபடுகிறதா பார்க்க. அவள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு இறங்கினாள். டீச்சர் படியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் கடைசிப் படிக்கு வந்ததும், என்றும் இல்லாத வழக்கமாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"நீ எப்ப இருந்து இவ்வளவு பேசுற?"

அவள் சிரித்தாள். அதையும் நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். டீச்சர் மறுபடி அவள் காலைப் பார்த்தார். பிறகு "நீ ஆடு" என்றார். எனக்கு உள்ளுக்குள்ளே அவ்வளவு சந்தோஷம். இத்தனை வருஷம் கங்காணியை ஏமாற்றினேன், இன்றைக்கு டீச்சரையும் ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

இரண்டு சனிக்கிழமை அப்படியே போனது. மூன்றாவது சனிக்கிழமை கடைசி ஒத்திகை. பெற்றோர் எல்லாரும் பார்க்க வந்திருந்தோம். பாதி ஆட்டத்தில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து துள்ளிக் குதித்து இறங்குகிற ஓர் இடம் உண்டு. மற்றப் பிள்ளைகள் குதித்து நின்றார்கள். என் பிள்ளை குதித்து நிற்கவில்லை. அப்படியே மடிந்து விழுந்தாள். அவள் போட்ட சத்தத்தைப் பற்றி நான் எழுதமாட்டேன்.

நான் மரம் மாதிரி நின்றேன். டீச்சர்தான் ஓடினார். "யாரும் தூக்காதீங்க! தொடாதீங்க!" என்று கத்தினார். அவர் கத்தி அன்றைக்குத்தான் கேட்டேன். பிள்ளைகளின் தோளில் கிடந்த சால்களை வாங்கினார். குடையை மடக்கிக் காலோடு சேர்த்து வைத்தார். கட்டுவதற்கு முன்னால் சுரிதாரை மெல்ல மேலே சுருட்டினார். என் சேலைத் துண்டு தெரிந்தது. வெள்ளையில் நீலக்கரை. அந்தச் சேலையை நான் மலைக்குக் கட்டிக்கொண்டு போவதை எங்கள் லயமே பார்த்திருக்கிறது.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. தன் உடம்பால் மறைத்தபடி குனிந்து, அந்த முடிச்சை அவிழ்த்து, துணியைச் சுருட்டித் தன் கைப்பைக்குள் வைத்தார். பிறகுதான் குடையைச் சேர்த்துக் காலைக் கட்டினார். ஆட்டோவில் பதுளைப் பெரியாஸ்பத்திரி வரைக்கும் அந்தக் காலை ஆடாமல் பிடித்துக்கொண்டு வந்தவரும் அவர்தான்.

படம் எடுத்துப் பார்த்த டொக்டர் சிங்களத்தில் சொன்னதை அவர் எனக்குத் தமிழில் சொன்னார். "எலும்புல ஒரு சின்னக் கீறல் முந்தியே இருந்திருக்காம். சில வாரமாவே வலிச்சிருக்கணுமாம். ஓய்வு குடுத்திருந்தா தானாவே பொருந்தியிருக்குமாம். இன்னிக்கு முழுசா ஒடஞ்சிருச்சு." ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நான் அழுதேன். அதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை.

பிள்ளைகள் போட்டிக்குப் போகவில்லை. அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் கூட்டம் வைத்தார்கள். ஒரு பிள்ளையின் அப்பா எழும்பிக் கேட்டார்.

"படிக்கட்டுக்குக் கீழ நின்னு பாக்குறீங்களே டீச்சர், அத்தனை வாரமா அந்தப் புள்ள வலியோட வந்தது ஒங்களுக்குத் தெரியலயா?"

"தெரியலங்க" என்றார். "கண்டுபிடிச்சிருக்கணும். கண்டுபிடிக்கல. தப்பு என்னோடதுதான்."

"அப்ப இனிமே எங்க புள்ளைகளை எப்படி நம்பி அனுப்புறது?"

வழக்கம்போல டீச்சரின் கண் கீழேதான் இருந்தது. முன்வரிசையில் எங்கள் கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து, என் காலில் கொஞ்சம் நின்றது. நான் செருப்பை உள்ளே இழுத்துக்கொண்டேன். அவ்வளவு நீளமான வாய் எனக்கு, அன்றைக்கு அது திறக்கவே இல்லை. பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்து, "பாவம்டீ நீ" என்றாள். அந்தக் கையையும் நான் விடவில்லை.

அதற்குப் பிறகு டான்ஸ் வகுப்புக்கு நாலே நாலு பிள்ளைகள்தான் போனார்கள். அந்த நாலு பேருக்காகவும் அவர் பதுளையிலிருந்து வந்தார், படிக்கட்டின் கீழே நின்றார். ஒன்றுதான் மாறியிருந்தது என்று அந்தப் பிள்ளைகள் சொன்னார்கள். இப்போது ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்தி, "எங்க வலிக்குது?" என்று கேட்கிறாராம்.

மகளுக்குப் பிளாஸ்டரை வெட்டி எடுத்த பிறகு, நடக்கலாம் என்று டொக்டர் சொன்ன பிறகு, அவள் சனிக்கிழமை வகுப்புக்குப் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். நான் முடியாது என்றேன். "நீ வராட்டிப் போ, நான் தனியாப் போறேன்" என்றாள். என்ன செய்வது, கூடப் போனேன்.

படிக்கட்டில் இறங்கினோம். அவளுடைய கால் மெலிந்துபோய், ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து இறங்கினாள். கீழே அவர் நின்றார். அவரைக் கண்டதும் பழைய பழக்கத்தில் வாய்க்குள்ளேயே சொன்னேன். "நேரா நடடீ. பேசிக்கிட்டே வா."

அவள் படியில் நின்றுவிட்டாள். "வலிக்குதும்மா" என்றாள். மெதுவாக அல்ல, கீழே இருக்கிறவர்களுக்கும் கேட்கும்படி. என் வீட்டில் அந்தச் சொல்லை அப்படி யாரும் சத்தமாகச் சொன்னதில்லை.

நாங்கள் கீழே வந்து சேர்ந்ததும் டீச்சர் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"புள்ள சரியாத்தான் எறங்குறா. நீங்கதான் தப்பா எறங்குறீங்க. எந்த முட்டிங்க?"

இத்தனை வருஷத்தில் என்னிடம் அதை ஒருவரும் கேட்டதில்லை. புருஷன் கேட்டதில்லை. நானே என்னைக் கேட்டதில்லை.

"வலதுங்க" என்றேன்.

அவர் மண்டபத்துக்குள் போய் அந்தச் சிவப்பு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து படிக்கட்டின் கீழே போட்டார். "உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நான்தான் டீச்சர் கட்டிவிட்டேன். நடக்கவும் நான்தான் சொல்லிக்குடுத்தேன்."

"தெரியும். சின்னப் புள்ளைங்க போடுற முடிச்சா அது?"

"அப்புறம் ஏன் கூட்டத்துல சொல்லல?"

"நான் சொன்னா ஒங்களைக் காட்டிக்குடுத்த மாதிரி ஆகும். நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்." குடையைத் தோள் மாற்றினார். "என் மேலயும் தப்பு இருக்குங்க. அன்னிக்கு அவ பேசிக்கிட்டே எறங்குனது எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. காலைப் பாத்தேனே ஒழிய, வாயைத் தொறந்து கேக்கல. வலிக்குதான்னு கேட்டாலும் நம்ம புள்ளைங்க இல்லன்னுதான் சொல்லும். எங்க வலிக்குதுன்னு கேக்கணும்."

அன்று பின்னேரம் பீலிக்கரைக்குக் குடத்தோடு போனேன். எல்லாரும் இருந்தார்கள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, இஸ்தோப்பில் ஆடவைத்தது, சேலைத் துண்டு, பெனடோல், பின்படியில் பழக்கியது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். ஒருத்தி "நீயெல்லாம் ஒரு தாயா?" என்று கேட்டாள். கூட்டத்தில் என் கையைப் பிடித்தவள் தண்ணீர் பிடிக்காமலே குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் என்னோடு பேச ஒரு வருஷம் ஆனது. ஆனால் அடுத்த சனிக்கிழமை அவளுடைய பிள்ளை படிக்கட்டில் இறங்கியது. மெல்ல மெல்ல மற்றவர்களும் அனுப்பினார்கள்.

டீச்சருக்கு இரண்டு வருஷத்தில் இடமாற்றம் வந்தது. அப்புத்தளைப் பக்கம் என்றார்கள். ஸ்டூலை விட்டுவிட்டுப் போனார். என் மகள் பெரிய டான்ஸ்காரியாக வரவில்லை. பண்டாரவளையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள், கோயில் திருவிழாவுக்கு லயத்துப் பிள்ளைகளைச் சேர்த்து ஆடவைக்கிறாள். கால் நன்றாக இருக்கிறது. மழைக்கு மட்டும் கொஞ்சம் நோகும் என்கிறாள். நோகும்போது சொல்லிவிடுகிறாள்.

போன மாதம் மலையில் சரிவில் இறங்கும்போது புதுக் கங்காணி என்னைப் பார்த்து, "என்ன, கால்ல ஏதாவதா?" என்று கேட்டார். வழக்கம்போல வாயில் வேறு கதை தயாராக வந்தது. அதை விழுங்கினேன்.

"ஆமாங்க, வலது முட்டி. ரொம்ப வருஷமா வலிக்குது" என்று சொல்லிவிட்டு, கூடையை இறக்கி வைத்து, பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்தேன்.